பந்தல்காரன் பக்கத்து நியாயம்

அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கப்படாது. நீங்க வாசிக்கிற அந்தப் பொஸ்தகத்துல அப்பன்னு ஒருத்தன் வாறானா? வாறானா! நல்லவனா, கெட்டவனா? இன்னும் தெரியலையா? பாதிதான் ஆயிருக்கோ. சரி, முழுசும் வாசிங்க. ஆனா சூதானமா வாசிங்க. பொஸ்தகம் எழுதுதவங்களுக்கு அப்பன்மாரக் கண்டா ஆகாது. அனுபவத்துல சொல்லுதேன்.

கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிடுதேன். இந்தப் பை மடியிலயே இருக்கட்டும், கீழ வைக்க முடியாது. உள்ள எம்மவ டி.சி. இருக்கு. ஒரு சுவிட்ச்சும் இருக்கு. சுவிட்ச்சு கதைக்கு அப்புறம் வாறேன்.

எம் பேரு கோமதிநாயகம். ஆனா எங்கூர்ல வந்து அந்தப் பேரச் சொல்லி விசாரிச்சீயன்னா ஒருத்தனும் காட்ட மாட்டான். 'மைக்கு வீடு எது'ன்னு கேளுங்க, இடுப்புல இருக்க பிள்ள கூட கையக் காட்டும். உலகம்மன் ஒலி ஒளி அமைப்பு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, எழவு வீடு எல்லாத்துக்கும் நம்ம செட்டுதான். எல்லாக் கட்சி மீட்டிங்குக்கும் போவேன். மைக்குக்குக் கட்சி கிடையாது அண்ணாச்சி. யாரு பேசினாலும் சத்தமாக் குடுக்கும், அவ்வளவுதான்.

அந்தா, முன்னால ஜன்னலோரம் ரெட்டச் சட போட்டு ஒரு பிள்ள இருக்கு பாருங்க. அதான் எம்மவ உலகம்மா. பக்கத்துல வந்து உக்காருட்டின்னா கேக்க மாட்டா, ஜன்னல் வேணுமாம். எட்டாங்கிளாஸ் முடிச்சிருக்கா. இப்ப டவுன் பள்ளிக்கூடத்துல ஒம்பதாங்கிளாஸ் சேக்கத்தான் கூட்டிட்டுப் போறேன். அதுக்கும் ஒரு பொஸ்தகத்துக்கும்தான் சண்ட.

எங்கூர்ப் பள்ளிக்கூடம் எட்டு வரைக்கும்தான். அதுக்கு மேலன்னா இந்த பஸ் ஏறித்தான் ஆகணும். நான் அப்ப ஒரு ரோசனை வச்சிருந்தேன். எட்டோட போதும், வீட்ல அவ அம்மா சொர்ணத்துகூட இருந்து பீடி சுத்தட்டும்னு. தப்பா நினைக்காதீய. நான் படிப்புக்கு எதிரி இல்ல. நாட்ல எல்லாப் பிள்ளையும் படிக்கணும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒத்தப் பைசா வாங்காம செட்டுப் போடுதவன் நான். ஆனா இந்த பஸ்ஸப் பாருங்க. இன்னைக்குத்தான் இடம் கிடைச்சிருக்கு. ஸ்கூல் நேரத்துல வந்தீயன்னா படிக்கட்டுல தொங்குதானுவோ. சாயந்தர பஸ்ஸு வரும்ங்கதும் நிச்சயமில்ல, வராதுங்கதும் நிச்சயமில்ல. வயசுக்கு வந்த பிள்ள எங்கன நிக்கும், யாரு துணைக்கு நிப்பா? பெத்தவனுக்கு அடிவயித்துல நெருப்புல்ல.

அதனால அன்பாத்தான் சொன்னேன். எம்மவ சோறு வைக்கையில பக்கத்துல உக்கார வச்சு, "தாயி, எட்டு வரைக்கும் படிச்சது போதும். பேரு எழுதத் தெரியும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியும். இதுக்கு மேல என்ன கலெக்டராவா ஆகப் போற?"ன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன் அண்ணாச்சி. அவ ரசத்த ஊத்திட்டு உள்ள போயிட்டா. சரி, பிள்ளைக்கும் அதுதான் இஷ்டம்போலன்னு நான் நிம்மதியாச் சாப்பிட்டேன்.

அந்த சமயம் பாத்துத்தான் பொன்ராணி டீச்சர் ஆள் விட்டாவ. தமிழ் டீச்சர், நாகர்கோயில் பக்கத்து ஆளு. நல்ல டீச்சர்தான், ஆனா ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டாவ. ஆறு, ஏழு, எட்டு மூணு கிளாஸ்லயும் அலமாரி வச்சு கதைப் பொஸ்தகம் அடுக்கப் போறாவளாம். யாரோ நல்ல மனுசங்க வாங்கித் தாறாவளாம். ஆனா எந்தப் பொஸ்தகம்ங்கத பிள்ளையளப் பெத்தவங்கதான் முடிவு பண்ணணுமாம். அதுல என்னையும் ஒரு ஆளாப் போட்டிருக்காவளாம்.

"டீச்சர், நான் கொடை நோட்டீஸ் தவிர வேற ஒண்ணும் வாசிச்சதில்லையே"ன்னேன்.

"அதுக்குத்தாண்ணே உங்களப் போட்டேன்"ன்னாவ. இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் விளங்கல. மரியாதையாத்தான் சொல்லிருப்பாவ.

பங்குனி கடைசி. எங்க உலகம்மன் கோயில்ல கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டு முடிஞ்சு, ஊரு பூரா குழாய் ஸ்பீக்கர் கட்டியாச்சு. வாட்டர் டேங்க் மேல ரெண்டு, புளியமரத்துல ரெண்டு, பள்ளிவாசத் தெருவுக்கு ஒண்ணு, வயக்காட்டப் பாத்து ஒண்ணு. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல ஒத்தச் செவுருதான். செவுருக்கு அந்தப் பக்கம் எம் ஆம்ப்ளிபயர், இந்தப் பக்கம் டீச்சரோட கூட்டம்.

போய்ப் பாத்தா, எட்டாங்கிளாஸ்ல ஜமுக்காளத்த விரிச்சு பொஸ்தகத்த பரத்தி வச்சிருக்காவ, சந்தையில கத்திரிக்கா பரத்துன மாதிரி. நாங்க பெத்தவங்க சுத்தி உக்காந்தோம். டீச்சர் ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்ட குடுத்தாவ. "பிடிச்ச பொஸ்தகத்து மேல ஒரு கொட்ட வைங்க. வேண்டாம்னு நினைச்சா சும்மா தள்ளப்படாது. ஏன் வேண்டாம்ங்கத, அந்தப் பக்கத்த எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டுத்தான் தள்ளணும்." இதுதான் சட்டம். என்ன சட்டம் பாத்தீயளா! அன்னைக்கு நான் அதுக்கு மொத ஆளா கை தட்டுனேன்.

"பாடப் பொஸ்தகத்துல வராத ஆளுவ எல்லாம் இதுல வாறாங்க"ன்னாவ டீச்சர். "நம்ம பிள்ளைங்க தன் வீட்டையும் இதுல பாக்கணும், அடுத்த வீட்டையும் பாக்கணும்."

உண்மைதான் அண்ணாச்சி. எல்லாரும் இருந்தாவ. சக்கர நாற்காலியில போற பையன் கதை ஒண்ணு. அவனுக்குப் பள்ளிக்கூடத்துல சாய்தளம் இல்லன்னு தூக்கிட்டுப் போறாங்க. எனக்கு அழுகையே வந்துட்டு, ஒரு கொட்ட போட்டேன். அகதி முகாம்ல இருக்க பிள்ள கதை, அதுக்கொரு கொட்ட. திருநங்க ஒருத்தவங்க பள்ளிக்கூடத்துல சமையல் வேலைக்கு வாற கதை. பக்கத்துல ஒருத்தன் முனங்குனான். "ஏன்ல, சோறு ருசியா இருந்தா உனக்கென்ன?"ன்னு நாந்தான் அவன் வாய அடைச்சு, கொட்டயப் போட்டேன். நமக்கு எந்த வேத்துமையும் கிடையாது. ஊர்ல உள்ள அத்தன பேரு கஷ்டமும் வரட்டும், பிள்ளைய தெரிஞ்சுக்கிடட்டும். எவன் எவன் தப்பு பண்ணுதானோ அவனவன எழுதட்டும்.

பாத்துமுத்து அக்கா இருந்தாவ. அவியதான் பெத்தவங்க கமிட்டிக்குத் தலைவி. பீடித் தட்டு இல்லாம அவியள அன்னைக்குத்தான் பாத்தேன். பந்து விளையாடுத முஸ்லிம் பொம்பளப் பிள்ள கதை ஒண்ணு அவிய கைக்கு வந்துது. நாங்க எல்லாம் அக்கா என்ன சொல்லுமோன்னு வாயவே பாக்கோம். அக்கா படத்தப் பாத்துட்டு, "இந்தப் பிள்ள முட்டியெல்லாம் சிராய்ப்பு. மருந்து போட ஒரு நாதி இல்லையா இந்தக் கதையில?"ன்னாவ. சிரிச்சு உருண்டுட்டோம். கொட்ட போட்டாவ.

மாரித்தாய்னு ஒரு பிள்ள, பஞ்சாயத்துல குப்ப வண்டி தள்ளுது. குப்ப அள்ளுற அம்மா கதைதான் அது கைக்குப் போச்சு. வாசிச்சுப் பாத்துட்டு, "டீச்சர், பக்கத்துக்குப் பக்கம் எங்கள அழ வைக்கான். நாங்க வேல பாக்கையில ஊர்க்கதை பேசிச் சிரிச்சுக்கிட்டுத்தான் பாப்போம். எம் பிள்ள இத வாசிச்சா அம்மா தெனமும் அழுதுக்கிட்டு வேலைக்குப் போறான்னுல்லா நினைக்கும். நாங்க சிரிக்கிற மாதிரி பொஸ்தகம் இருந்தாக் கொண்டாங்க"ன்னுச்சு. டீச்சர் அசந்துட்டாவ. "தேடிக் கொண்டாறேன் மாரி"ன்னாவ. அடுத்த கூட்டத்துல கொண்டும் வந்தாவ.

அப்பத்தான் எம்மவ வந்தா. எட்டாங்கிளாஸ் பிள்ளையதான் பொஸ்தகம் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்துதுவ. அவ நேரா எங்கிட்ட வந்து ஒண்ண நீட்டுதா. "அப்பா, இத வாசிங்க. இதுல மைக் செட்டு வருது"ன்னா.

எம்புட்டு பாசம் பாத்தீயளா. அம்புட்டு பொஸ்தகத்துல அப்பன் தொழில் உள்ளதத் தேடி எடுத்துட்டு வந்திருக்கு. பாவம், உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

பொஸ்தகத்துப் பேரு 'பந்தல்காரர் மகள்'. பந்தல்காரன்னா எனக்கு வேண்டியவன் அண்ணாச்சி. மைக் செட்டும் பந்தலும் அண்ணன் தம்பி மாதிரி, ஒரு வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும்தான் முதல்ல போவோம், கடைசில வருவோம். ஆசையாத் தொறந்தேன். கல்யாண வீடு, குழாய் கட்டுதாங்க, பாட்டுப் போடுதாங்க, எல்லாம் ஜோராத்தான் போகுது. பந்தல்காரனுக்கு ஒரு மக, கனகவல்லி. எட்டு முடிச்சிருக்கா. நாலு பக்கம் தள்ளி, பந்தல்காரன் அவளக் கூப்பிட்டு என்ன சொல்லுதான் தெரியுமா?

"எட்டு வரைக்கும் படிச்சது போதும். பேரு எழுதத் தெரியும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியும். இதுக்கு மேல என்ன கலெக்டராவா ஆகப் போறே?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுட்டு. எம் வீட்ல, எம் சோத்துத் தட்டு முன்னால சொன்ன வார்த்த! எவனோ ஜன்னல்ல ஒளிஞ்சு நின்னு கேட்டு எழுதுன மாதிரில்லா இருக்கு. ஆனா பொய்யா எழுதிட்டான். நான் சிரிச்சுக்கிட்டு அன்பாச் சொன்னேன். இதுல அவன் மொறச்சுக்கிட்டு அதட்டிச் சொல்லுதான். வித்தியாசம் இருக்குல்ல?

எந்திரிச்சுட்டேன். "டீச்சர், இது கூடாது. ஊர்ல உள்ள அப்பன்மார அசிங்கப்படுத்துத பொஸ்தகம். இத வாசிச்சா பிள்ளைய பெத்தவன மதிக்குமா?"ன்னேன்.

டீச்சர் கொஞ்சம் கூட பதறல. "சட்டம் தெரியும்லண்ணே. வாசிச்சுக் காட்டிட்டுத் தள்ளிருங்க."

"வாசிக்கேன். நல்லாச் சத்தமாவே வாசிக்கேன். பின்வரிசை வரைக்கும் கேக்கட்டும், மைக்கப் போடுங்க"ன்னேன். எனக்கு மைக்கு இல்லாம நாலு பேரு முன்னால பேச வராது அண்ணாச்சி, அது பழக்கம். கிளாஸ்ல ஒரு சின்ன பாக்ஸ் ஸ்பீக்கர் கிடந்துது. செவுரு மேல வயர எறிஞ்சு, ஆம்ப்ளிபயர்ல மாட்டி, இந்தப் பக்கம் மைக்கப் பிடிச்சேன். அதுக்கு முன்னால மறக்காம எம்மவளக் கூப்பிட்டேன். "ஏட்டி உலகு, செவுரு ஏறிக் குதிச்சு அந்தக் குழாய் லைன் சுவிட்ச்ச ஆஃப் பண்ணிட்டு வா. பாக்ஸ் மட்டும் பேசுனாப் போதும்"ன்னேன். அவளுக்கு எம் மிஷின் அத்துப்படி. எது எந்த லைனுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவா. போனா, வந்தா. "பண்ணிட்டேம்பா"ன்னா.

வாசிச்சேன் அண்ணாச்சி. நமக்கு மைக்குல ஒரு குரல் இருக்கு, அது தானா வந்துரும். 'அன்பார்ந்த பக்தகோடிகளே'ன்னு சொல்லிச் சொல்லிப் பழகுன குரல். பந்தல்காரன் அதட்டுதத அதட்டியே வாசிச்சேன், அவன் எம்புட்டு மோசமா எழுதப்பட்டிருக்கான்னு எல்லாருக்கும் விளங்கணும்ல. அடுத்தாப்புல, "கனகவல்லி பதில் சொல்லவில்லை. கொடியில் காய்ந்த சீருடையை எடுத்து நாலாக மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்" அப்படின்னு இருந்துது. அந்த இடத்துல ஒருக்க நிப்பாட்டிக் கண்ணத் தொடச்சேன். பங்குனி மாசத் தூசி. வெளிய எதிரொலி மாதிரி கேட்டுக்கிட்டே இருந்துது, நான் மேக்க மலையில பட்டுத் திரும்புதுன்னு நினைச்சேன்.

பொஸ்தகத்த மூடிட்டு, "கேட்டீயளா அநியாயத்த!"ன்னேன்.

பாத்துமுத்து அக்காதான் மெதுவா, "எங்க வாப்பா எனக்கு அஞ்சோட சொன்னாக"ன்னாவ. "இதே வார்த்ததான். அப்ப பஸ் போர்டு கூட கிடையாது, தந்தி வந்தா வாசிக்கத் தெரிஞ்சாப் போதும்னாக." சொல்லிட்டு முந்தானையால மூக்கத் தொடச்சாவ.

நான் அதுக்குப் பதில் சொல்ல வாயத் தொறக்கேன், வாசல்ல ஒரே இரைச்சல். எட்டிப் பாத்தா தெருவுல பாதி பொம்பளைய நிக்காவ. பீடித் தட்ட இடுப்புல வச்சுக்கிட்டு, தூள் சிந்தச் சிந்த ஓடி வந்திருக்காவ. வயக்காட்ல இருந்து களை எடுக்கவ ரெண்டு பேரு, சேறோட. எம் பொண்டாட்டி சொர்ணமும் நிக்கா.

"யோவ் மைக்கு, பாதியில எதுக்கு நிப்பாட்டுனீரு? அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"கனகவல்லிக்குவே! அந்தச் சண்டாளப் பாவி அனுப்புனானா இல்லையா?"

ஊர்ல இருக்க அத்தன குழாயிலயும் போயிருக்கு அண்ணாச்சி! வாட்டர் டேங்க், புளியமரம், பள்ளிவாசத் தெரு, வயக்காடு, ஒண்ணு பாக்கி இல்ல. ஓடிப்போய் பாத்தா குழாய் லைன் சுவிட்ச்சு ஆன்ல இருக்கு. எம்மவ பண்ணிட்டேன்னு சொன்னாளே! அவ பொய் சொல்லுத பிள்ள இல்ல. அப்ப என்ன அர்த்தம்? சுவிட்ச்சு லூசு. ஆஃப் பண்ணாலும் தானா ஆன் ஆயிருக்கு. வேற என்னத்தச் சொல்ல.

அதோட முடிஞ்சுதா? இல்லியே. பொம்பளைய விட மாட்டேங்காவ. கொடை நாள் வரைக்கும் தெனமும் சாயந்தரம் சாமி பாட்டுக்கு முன்னால ஒரு அத்தியாயம் வாசிக்கணும்னு கோயில் கமிட்டிலயே சொல்லிட்டாவ. நான் மாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். "செட்டு உன்னோடது, குரலு உன்னோடது, வேற எவன் வாசிப்பான்?"னுட்டாவ. வாசிச்சேன். மொத நா பல்லக் கடிச்சுக்கிட்டு. மறுநா, சரி, வாசிக்கதுன்னு ஆனா நல்லா வாசிப்போம்னு. அதுக்கடுத்த நா, சொல்லப்படாது, மத்தியானமே எடுத்து ஒருக்க வாசிச்சுப் பாத்துக்கிட்டேன். எங்க நிப்பாட்டுனா ஜனங்க துடிக்கும்னு ஒரு கணக்கு இருக்குல்ல. தொழில் அண்ணாச்சி, தொழில்.

ஆனா அந்தப் பந்தல்காரன் திருந்தவே இல்ல! நானும் ஒவ்வொரு அத்தியாயமும் பாக்கேன், இதுல திருந்திருவான், அடுத்ததுல திருந்திருவான்னு. எங்க? ஊர்ல அவன் வாங்குன ஏச்சுக்கு அளவே இல்ல. டீக்கடையில உக்காந்தா, "கட்டையில போறவன், என்ன மனுசன்யா அவன்"ம்பான் ஒருத்தன். சொல்லிட்டு என்னையப் பாப்பான். எதுக்குல என்னையப் பாக்கன்னு கேட்டா, "சும்மாதான் மாமா. உலகம்மாவ எங்க சேக்கப் போறீரு?"ம்பான். இப்படி ஒருத்தன் இல்ல, டீ ஆத்துறவன்ல இருந்து முடி வெட்டுறவன் வரைக்கும். பந்தல்காரன் பக்கத்து நியாயத்த ஒருத்தனாவது நினைச்சுப் பாத்தானா? அவனுக்கு பஸ் பயம் இருக்காதா? அத ஏன் எழுதல? நான் வாசிக்கையில நடுவுல என் சொந்தச் சரக்கா ரெண்டு வரி சேத்துக்கூட விட்டேன், "பந்தல்காரருக்கு அடிவயிற்றில் நெருப்பாக இருந்தது"ன்னு. "பொஸ்தகத்துல உள்ளத மட்டும் வாசிங்கண்ணே"ன்னு டீச்சர் செவுருக்கு அந்தப் பக்கத்துல இருந்து கத்துதாவ. அவிய மனப்பாடமா வச்சிருக்காவபோல.

கடைசி அத்தியாயம் கொடைக்கு முந்துன சாயந்தரம். கோயில் முன்னால ஜனம் அள்ளுது. ஸ்கூல் திறக்குது, பஸ் வருது. கனகவல்லி ரோட்டோரம் பந்தலுக்கு ஓலை முடைஞ்சுக்கிட்டு இருக்கா. கண்டக்டர் பஸ்ஸ நிறுத்தி, "ஏறலையா பாப்பா?"ங்கான். அவ நிமிந்து பஸ் போர்ட வாசிக்கா. ஒரு எழுத்து விடாம வாசிக்கா. பஸ் போயிருது. கதை அம்புட்டுதான். முடிஞ்சுட்டு.

கொடைக்கு வந்த கூட்டத்துல ஒருத்தரும் இடத்த விட்டு எந்திரிக்கல அண்ணாச்சி. மைக்கு உய்ய்ங்குது. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அழுகையும் வருது, ஆத்திரமும் வருது. ஏம்ல, அந்தப் பிள்ளைய ஒரு வார்த்த எழுதி ஏத்தி விட்டா உன் மசி தீந்தா போயிரும்? பேனா உங்கையிலதான இருந்துது! நிமிந்து பாக்கேன், எதிர எம்மவ, சொர்ணத்து மடியில சாஞ்சு உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா. மைக்க இறுக்கிப் பிடிச்சேன். என்ன பேசுதேன்னு எனக்கே தெரியல.

"இந்தக் கதைய எழுதுனவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிடுதேன். நீங்க நினைக்கிற மாதிரி அப்பன் எங்கூர்ல ஒருத்தனும் கிடையாது. வந்து பாருங்க. உதாரணத்துக்கு, எம்மவ உலகம்மா வாற ஜூன் மாசம் டவுன் பள்ளிக்கூடத்துல ஒம்பதாங்கிளாஸ் சேரப் போறா! நானே பஸ் ஏத்தி விடுவேன்! இது உலகம்மன் மேல சத்தியம்!"

சொல்லி முடிச்சுட்டேன். வாட்டர் டேங்க் மேல இருந்து எங்குரலே திரும்பி வந்து எங்காதுல விழுது. மைக்குல சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்க முடியுமா? அதுலயும் சாமி பேரு, அதுலயும் சொந்தச் செட்டுல! ஜனம் குலவ போட்டுட்டு. பாத்துமுத்து அக்கா முன்னால வந்து, "காலைல எங்க பேத்தியும் அதே பஸ்தான்ல. ரெண்டும் சேந்து போகட்டும், சாயந்தரம் நான் ஸ்டாப்புல நிக்கேன்"னாவ. பாத்தீயளா, துணைக்கு யாரு நிப்பான்னு நான் மாசக்கணக்கா மண்டையக் கொழப்பிக்கிட்டு இருந்தேன். ஒரு மைக்குல கேட்டிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும்.

எம்மவ ஓடி வந்து எங்கையப் பிடிச்சுக்கிட்டா. கண்ணுல தண்ணி கொட்டுது. எனக்கும்தான் கொட்டுச்சு. மறைக்க என்ன இருக்கு, பெத்த பிள்ள.

அப்புறம் கூட்டத்துல அந்தப் பொஸ்தகத்து மேலதான் புளியங்கொட்ட மலையா குவிஞ்சுது. ஆறு ஏழு எட்டு மூணு கிளாஸ்லயும் இப்ப அது இருக்கு. நானும் ஒரு கொட்ட போட்டேன். ஏன் சிரிக்கீய? எதிரி எப்பவும் கண்ணு முன்னால இருக்கணும், அதுக்குத்தான். டீச்சர்கிட்ட ஒரு கண்டிஷன் போட்டுருக்கேன், பந்தல்காரன் நல்லவனா வாற பொஸ்தகம் ஒண்ணாவது தேடிக் கொண்டாறணும்னு. மாரித்தாய்க்குக் கொண்டாந்தீயல்ல, எனக்கும் கொண்டாங்கன்னேன். "கிடைக்கிற வரைக்கும் நீங்க நல்லவரா இருந்துட்டுப் போங்கண்ணே"ன்னுட்டுப் போயிட்டாவ. இது என்ன பதிலு?

ஆங், சுவிட்ச்சு. இந்தா, இதான். கழட்டிட்டு புதுசு போட்டாச்சு. ஆனா பாருங்க, டப்பு டப்புன்னு எம்புட்டு கச்சிதமா விழுதுன்னு. அமுக்கிப் பாருங்க. லூசு இருக்கா? இல்லல்ல? நானும் நூறு தடவ பாத்துட்டேன், அன்னைக்கு மட்டும் எப்படி தானா ஆன் ஆச்சுன்னு விளங்கவே இல்ல. டவுன் கடைக்காரன்கிட்ட காட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன். எம்மவ காலையில இருந்தே, "அத எதுக்குப்பா தூக்கிட்டு வாறீய, நல்ல சுவிட்ச்சுப்பா அது"ங்கா. சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. சின்னப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும் இதப் பத்தி.

இந்தா, ஸ்டாப்பு வந்துட்டு. ஏட்டி உலகு, இறங்கணும்ட்டி! பாத்தீயளா, நான் சொல்லுததுக்கு முன்னாலயே போர்ட வாசிச்சுட்டு படிக்கட்டுல நிக்கா. வாறேன் அண்ணாச்சி. உங்க பொஸ்தகத்துல அந்த அப்பன் கடைசில எப்படி ஆனான்னு சாயந்தர பஸ்ல பாத்தா சொல்லுங்க. ஆனா என்ன எழுதியிருந்தாலும் நம்பிராதீய. பொம்பளப் பிள்ளைய எட்டோட போதும்னு சொல்லுத அப்பன் இந்தப் பக்கத்துல எவனாவது இருக்கானா? இருந்தா காட்டுங்க, நானே மைக்கப் போட்டுக் கேக்கேன்!